சம்பளத்துக்கு உழைக்கும் சிப்பாய்

பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்வது ஓர் உத்தியோகம் அன்று, அது ஒரு விரதம், ஒரு தியாகம், ஆகையால் அந்தத் தியாகத்தைச் செய்தவனோ அவன் பொருட்டு மற்றவர்களோ சம்பளம், பென்ஷன், வைத்தியச் செலவு முதலிய லௌகிக விவகாரங்களை வாயெடுத்துப் பேசுவது அவனுடைய புனிதத்துக்கே இழுக்கு என்னும் அபிப்பிராயம் நம் நாட்டில் படித்தவர்களிடத்தும் படியாதவர்களிடத்தும் ஒருங்கே வேரூன்றியிருக்கிறது. குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடியேற்ற வரும் பிரமுகரும், திரைப்படத்துக்கு வசனம் எழுதுபவரும், தொலைக்காட்சியில் அமர்ந்து யுத்த தந்திரம் போதிப்பவரும் இதையே வெவ்வேறு சுருதியில் பாடுகிறார்கள். கேட்பதற்கு இனிமையாக உள்ள இந்த அபிப்பிராயம் சிப்பாய்க்கு அநியாயம் இழைப்பது என்பதும், அவனுக்குச் சேரவேண்டியதைக் குறைத்துக் கொடுக்க நினைத்த ஒவ்வொரு சர்க்காருக்கும் அது வசதியான மறைப்பாக உதவி வந்திருக்கிறது என்பதும் என் கட்சி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வழக்காட வந்திருப்பது கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்காக அன்று. அவர்களுடைய சம்பளத்தைப் பற்றிப் பேசுவதை இந்நாட்டில் ஒருவரும் அபசாரமாகக் கருதுவதில்லை. மகன் டேராடூனில் பயிற்சி முடித்து வெளிவந்தான் என்றால், தொடக்கச் சம்பளம் எவ்வளவு, குடியிருக்க வீடு கொடுப்பார்களா, எந்த ஊருக்கு மாற்றுவார்கள் என்று கல்யாணத் தரகர் முதல் வருங்காலச் சம்பந்தி வரை எல்லாரும் தாராளமாக விசாரிக்கிறார்கள். அதனால் அந்தப் பிள்ளையின் தேசபக்திக்கு ஒரு குறைவும் வந்துவிடுவதில்லை. சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று ஒவ்வொரு படியாக ஏறி, தேர்ச்சியும் அதிர்ஷ்டமும் கூடினால் நாயப் சுபேதாராகி வீடு திரும்புகிறானே, அவன் விஷயத்தில் மட்டும் பணம் என்ற பேச்சு பாவமாகிவிடும் விந்தையைத்தான் நான் ஆராயப் புகுகிறேன்.

சிப்பாய் எப்படி உண்டாகிறான் என்று அறிய விரும்புகிறவர்கள், ஆள்சேர்ப்பு முகாம் நடக்கும் மைதானம் ஒன்றுக்கு விடியுமுன் போய் நின்று பார்க்கலாம். இரவெல்லாம் பஸ் நிலையத்திலும் சுற்றுச்சுவர் ஓரத்திலும் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்த பையன்கள், பள்ளிச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அடங்கிய பிளாஸ்டிக் உறையைக் கூடவந்த மாமனிடமோ அண்ணனிடமோ ஒப்படைத்துவிட்டு, கூட்டங்கூட்டமாக ஓடவிடப்படுகிறார்கள். பல ஆண்டுகளாக வழங்கிவந்த விதிப்படி, 1,600 மீட்டரை 5 நிமிஷம் 30 விநாடிக்குள் ஓடி முடித்தவனுக்கு 60 மதிப்பெண், மேலும் பதினைந்து விநாடிக்குள் வந்து சேர்ந்தவனுக்கு 48. அதற்கும் பிந்தியவன் எத்தனை மாதம் ஊர் ஏரிக்கரையில் ஓடிப் பழகியிருந்தாலும் சான்றிதழ் உறையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. தேறியவன் மூச்சு அடங்குமுன் கம்பியைப் பற்றித் தொங்கி, முழு மதிப்பெண் வேண்டுமானால் பத்து முறை, மோவாய் கம்பிக்கு மேலே வரும்படி எழும்பவேண்டும், ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டவேண்டும், மார்பை அளக்கக் கொடுக்கவேண்டும். இவர்களில் ஒருவனை நிறுத்தி, எதற்காக வந்தாய் அப்பா என்று கேட்டால், அவன் தியாகம் என்று சொல்லமாட்டான். கிணறு வற்றிய நிலத்தைச் சொல்வான், தங்கையின் கல்யாணத்தைச் சொல்வான், பட்டாளத்துக்குப் போன பெரியப்பா மகன் கட்டிய மெத்தை வீட்டைச் சொல்வான். வேலூருக்கு அருகே, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று பேர்பெற்ற கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருவதும் இதுதான். ஜீவனத்துக்கு வழி தேடி ஒருவன் கண்ணியமான வேலையொன்றில் சேர்வதில் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

இப்படிச் சொன்னால், வீரத்தைக் கூலிக்கு விற்கும் சரக்காக்கிவிட்டாய் என்று சிலர் சீறி எழுவார்கள். அவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதியை நினைவூட்டுகிறேன். சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் உள்ள சோனம் காவல் நிலையின்மேல் பனிச்சுவர் சரிந்து விழுந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேரைப் புதைத்தது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர். ஆறு நாள் கழித்து உறைபனியின் அடியிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்ட கன்னட நாட்டு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத்தும் 11-ஆம் தேதி டில்லி ஆஸ்பத்திரியில் இறந்தார். இவர்களைப் போன்றவர்கள் எல்லாரும் ஆள்சேர்ப்பு மைதானத்தில் மார்பளவு கொடுத்துச் சேர்ந்தவர்களே. சம்பளத்துக்குச் சேர்ந்தவன் அஞ்சி ஓடுவான், தியாகத்துக்குச் சேர்ந்தவன் மட்டுமே நிலைத்து நிற்பான் என்னும் சித்தாந்தத்தை, பனியிலே புதைந்தவர்களின் சம்பளப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எவரும் நிரூபித்துவிட முடியாது. வீரம் கூலியோடு ஒட்டி வாழ்ந்துதான் வந்திருக்கிறது.

நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்து, மயிற்பீலி சூட்டி, கள் படைத்து வழிபட்ட சமூகமே, பிற்காலத்துக் கல்வெட்டுக்கள் காட்டுகிறபடி, அவனுடைய குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் நிலம் எழுதிக்கொடுத்தது. கல்லோடு நிலமும் வந்தது. கல்லைக் கும்பிட்டுவிட்டு நிலத்தைப் பற்றிக் கேட்பவனை இழிந்தவன் என்று யாரும் விரட்டவில்லை. வள்ளுவரும் படைமாட்சி என்னும் அதிகாரத்தில், வெல்லும் படைக்கு இருக்கலாகாத குறைகளைச் சொல்லும்போது வறுமையை அவற்றில் ஒன்றாகவே சேர்த்தார். படைவீரனின் வயிற்றை எண்ணிப் பார்ப்பது அவருக்குத் தெய்வ நிந்தையாகத் தோன்றவில்லை.

தெய்வமாக்கும் வழக்கம் பெரும்பாலும் வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போன ஆஸ்தி. யார் பிறவிப் போர்வீரர், யார் அல்லர் என்று சாதிக்குச் சாதி முத்திரை குத்தி, அந்த முத்திரையின் பெருமையையே கூலியின் ஒரு பங்காகக் கொடுத்தவன் அவன். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் போருக்கு உதவான் என்று தீர்மானித்ததன் பலனாக மதராஸ் பட்டாலியன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாவது உலக யுத்தத்தில் ஆள் தேவைப்பட்டபோதோ அதே மதராஸ் மாகாணத்திலிருந்து பட்டாளத்துக்கு வந்து குவிந்தவர்கள் ஏராளம். அறுபது ஆண்டுகளுக்கு முன் இல்லாத வீரம் அப்போது எங்கிருந்து ஊற்றெடுத்தது என்று எந்த ஆங்கிலத் தளபதியும் விளக்கியதாகத் தெரியவில்லை. விளக்கவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. புகழ்ச்சி என்பது அவன் பட்டியலில் செலவில்லாத ஓர் இனம்.

இனி எதிர்க்கட்சியாரின் வாதங்களைப் பார்ப்போம். தன் மனப்பூர்வமாகக் கையெழுத்திட்டுச் சேர்ந்தவன் பிறகு குறை சொல்லலாமா என்பது அவர்கள் அடிக்கடி வீசும் அஸ்திரம். சேர்ந்தது மனப்பூர்வமாகத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பதினேழரை வயதிலிருந்தே இடக்கூடிய அந்த ஒரு கையெழுத்தால் அவன் எவற்றையெல்லாம் விட்டுக்கொடுக்கிறான் என்பதை யோசிக்கவேண்டும். அரசியல் சட்டத்தின் 33-ஆவது பிரிவும், 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21-ஆவது பிரிவும் சேர்ந்து, சங்கம் சேரும் உரிமையையும், கூட்டத்தில் பேசும் உரிமையையும், பத்திரிகைக்கு எழுதும் உரிமையையும் அவன் விஷயத்தில் கட்டுப்படுத்த இடம் கொடுக்கின்றன. ஆலைத் தொழிலாளி மேஸ்திரியோடு மனஸ்தாபம் என்றால் நாளைக்கே நின்றுவிடலாம். பாங்கிக் குமாஸ்தா ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டு வேறு பாங்கியில் சேரலாம். சிப்பாய் சொல்லாமல் வீட்டுக்குப் போனால் அது குற்றம், அதற்குச் சிறை உண்டு. இத்தகைய கட்டுப்பாடு இல்லாமல் படை நடத்த முடியாது என்பது வாஸ்தவமே. ஆனால் மற்ற எந்த உழைப்பாளியும் விற்காத ஒன்றை, மாட்டேன் என்று சொல்லும் சுதந்திரத்தை, அவன் விற்றிருக்கிறான். வாய் திறக்க உரிமையில்லாதவனுக்காகப் பேசவேண்டிய கடமை, வாய் உள்ள மற்றவர்கள்மேல் இரட்டிப்பாக விழுகிறது. அவர்களோ, கூலி பேசாதே, அது அவனுக்கு அவமானம் என்கிறார்கள்.

அடுத்த வாதம், அவனுக்கு என்ன குறைச்சல் என்பது. இதில் உள்ள உண்மையை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சாப்பாடும் உடுப்பும் இலவசம். வருஷத்துக்கு 60 நாள் வருடாந்தர விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் விதியில் உண்டு. காண்டீனில் சோப்பு முதல் மோட்டார் சைக்கிள் வரை மலிவு. ஓய்வு பெற்ற பின்னும் அவனுக்கும் மனைவிக்கும் 2003 முதல் நடந்துவரும் மருத்துவத் திட்டம் இருக்கிறது. இவற்றைவிடப் பெரிய லாபமும் ஒன்று உண்டு. ஊரில் எந்தத் தெருவுக்குள் செருப்போடு நடக்கக் கூடாதென்று இவன் பாட்டனுக்குச் சொல்லப்பட்டதோ அந்தத் தெருப் பையனும் இவனும் ஒரே பாரக்கில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்து, ஒரே லங்கரில் தட்டேந்தி நின்று, ஹவில்தாரின் வசவையும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடங்கள் சாதிக்கத் தவறிய இந்தக் காரியத்தைப் பட்டாளம் ஓரளவு சாதித்திருக்கிறது என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் இந்தப் பேரேட்டில் பற்றுப் பக்கமும் உண்டே. தொண்ணூறு நாள் விடுப்பு என்பது மற்ற நாட்களெல்லாம் குடும்பத்தைப் பிரிந்திருப்பது என்றும் படிக்கப்படலாம். வடகிழக்கு எல்லையிலிருந்து லாரியும் ரயிலும் மாறி மாறி ஏறி, பெயரும் நம்பரும் வெள்ளைச் சாயத்தில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு நள்ளிரவில் காட்பாடியில் இறங்கி வீடு சேர்பவனைப் பார்த்து, சொந்தக் குழந்தை தாயின் முந்தானைக்குப் பின்னே ஒளிந்துகொள்வதைப் பட்டாளக்காரக் குடும்பங்கள் எல்லாம் அறியும். அது பழகி மடியில் வந்து உட்காரும் சமயத்தில் விடுப்பு முடிந்துவிடும்.

சம்பளத்தைத்தான் பார்ப்போமே. ஏழாவது ஊதியக் குழுவின்படி சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 21,700 ரூபாய். படைத்தொழிலின் தனிச் சிரமங்களுக்காக எல்லாருக்கும் ராணுவ சேவைச் சம்பளம் என்று ஒன்று உண்டு. அது அதிகாரிக்கு 15,500, சிப்பாய்க்கும் ஹவில்தாருக்கும் 5,200. சியாச்சின் படியை 2017-இல் உயர்த்தினார்கள். அதிகாரிக்கு 42,500, ஜவானுக்கு 30,000. பொறுப்பு மிகுந்தவருக்கு அடிப்படைச் சம்பளம் மிகுதியாக இருப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் சிரமத்துக்கென்றே தனியாக அளக்கப்படும் தொகையில் ஏன் இந்தப் பேதம்? பனி வெடிப்பில் அதிகாரியின் விரல் கறுத்து உதிர்வதற்கும் சிப்பாயின் விரல் கறுத்து உதிர்வதற்கும் மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் எந்த வைத்திய சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது? தியாகம் என்ற பேச்சு மட்டும் இருவருக்கும் ஒரே அளவில் விநியோகிக்கப்படுகிறது.

முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதில் பென்ஷனோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறான் என்று பொறாமைப்படுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வயதில் வீட்டுக்கு அனுப்புவது படையை இளமையாக வைத்துக்கொள்ள விரும்பும் சர்க்காரின் ஏற்பாடே தவிர, சிப்பாயின் வேண்டுகோள் அன்று. பழைய பென்ஷன் முறையில் அறுபது வரை உழைக்கும் சர்க்கார் குமாஸ்தா தன் சம்பளம் உச்சத்தை எட்டிய பிறகு அதில் பாதியைப் பென்ஷனாகப் பெறுகிறான். சிப்பாயோ சம்பளம் ஏறத் தொடங்கும் பருவத்திலேயே வெளியேறி, அந்தச் சிறு தொகையில் பாதியைப் பெறுகிறான். அப்போது மூத்த பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும். மத்திய சர்க்கார் வேலைகளில் சி பிரிவில் 10 சதவீதமும் டி பிரிவில் 20 சதவீதமும் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கியிருப்பது மெய். அவற்றில் பெரும்பகுதி நிரம்பாமலே கிடப்பதும் மெய். எந்த ஊர்ப் பாங்கி வாசலிலும் ஸ்டூல் போட்டு, முழங்காலுக்கு நடுவே இரட்டைக் குழல் துப்பாக்கியை நிறுத்திக்கொண்டு, பணம் எடுக்க வரும் கிழவிகளுக்குச் சலான் பூர்த்தி செய்துகொடுக்கும் மனிதரைக் கொஞ்சம் நின்று விசாரித்தால், எந்த எந்த மலையில் எத்தனை குளிர்காலம் கழித்தார் என்று கோட்டங்களின் பெயரோடு சொல்வார். நவம்பர் மாதம் பிறந்தால், தாம் உயிரோடிருப்பதாகச் சான்று பதிவு செய்யக் கம்ப்யூட்டர் கடையில் கட்டைவிரலை நீட்டி நிற்பவரும் அவரே.

காயமும் நோயும் பட்டவனின் கதை இன்னும் கசப்பானது. சேரும்போது பல்லையும் பாதத்தையும் கூடச் சோதித்துப் பூரண ஆரோக்கியம் என்று எழுதிச் சேர்த்துக்கொண்டவனுக்குப் பதினைந்து வருஷ சேவையில் ஒரு நோய் கண்டால், இது சேவையால் வந்ததும் அன்று, சேவையால் மிகுந்ததும் அன்று என்று மருத்துவக் குழு ஒரு வரி எழுதி ஊனப் பென்ஷனை மறுத்துவிடுவது நெடுங்கால வழக்கம். தரம்வீர் சிங் என்னும் வீரரின் வழக்கில் 2013-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட், சேரும்போது குறிப்பிடப்படாத நோய் சேவையில் தோன்றினால் அது சேவையால் வந்ததாகவே கொள்ளவேண்டும், அன்று என்று நிரூபிக்கும் பாரம் சர்க்காருடையது என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் கால் இழந்தவனையும் காது கேளாதவனையும் அப்பீலுக்குமேல் அப்பீலாகக் கோர்ட்டுக்கு இழுத்த சர்க்கார் வக்கீல்கள் உண்டு. ஆகஸ்ட் 15-ஆம் தேதி இவனைப் பாரதத் தாயின் வீரப் புதல்வன் என்று வர்ணித்த அதே சர்க்கார், 16-ஆம் தேதி கோர்ட்டில் இவன் தன்னுடைய நோயைத் தானே வீட்டிலிருந்து கொண்டுவந்தான் என்று வாதிக்கிறது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குச் சாயம் பூசிக் கும்பிட்டுவிட்டு மறுநாள் வைக்கோலைக் குறைக்கும் குடியானவனை நாம் மெச்சுவோமா?

எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் என்ற கோரிக்கையின் சரித்திரமும் இதற்குச் சாட்சி. 1971-இல் வங்காளப் போரில் வென்று வந்த படையின் சிப்பாய்களுக்கு, இரண்டே வருஷத்தில், மூன்றாவது ஊதியக் குழுவை ஒட்டிப் பென்ஷன் விகிதத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பது முன்னாள் வீரர் சங்கங்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவரும் மனக்குறை. 2015 கோடையில் நரைத்த மீசையோடும் மார்பில் பதக்கங்களோடும் அவர்கள் டில்லி ஜந்தர் மந்தரில் வந்து அமர்ந்தார்கள். சுதந்திர தினத்துக்கு முதல் நாள் போலீசார் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்த முயன்றனர். வீரர்கள் காசுக்காகத் தெருவில் உட்காரலாமா என்று முகம் சுளித்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். அப்படி உட்கார்ந்ததனால்தான் அந்த நவம்பரில் ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் உத்தரவு வந்தது.

இறுதியில், சிக்கனக்காரரின் வாதம். பென்ஷன் சுமை தாங்க முடியவில்லை, 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 5.94 லட்சம் கோடியில் 1.38 லட்சம் கோடி பென்ஷனுக்கே போயிற்று, பீரங்கி எப்படி வாங்குவது என்று அவர்கள் கேட்கிறார்கள். எதிர்க்கட்சியில் நான் மதிக்கும் வாதம் இது ஒன்றே, ஏனெனில் இதுவாவது கணக்குப் பேசுகிறது. இத்தகைய வாதத்தின் விளைவாக 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டப்படி அக்னிவீரனாகச் சேர்பவனுக்கு நான்கு வருஷ சேவை. முதல் வருஷம் மாதம் 30,000, நான்காம் வருஷம் 40,000. அதில் நூற்றுக்கு முப்பது பிடித்துவைத்து, சர்க்கார் பங்கையும் சேர்த்து, போகும்போது சுமார் 11.71 லட்சம் தருவதாக அறிவிப்பு. நால்வரில் ஒருவன் மட்டுமே நிலைத்த சேவையில் எடுத்துக்கொள்ளப்படுவான். மற்ற மூவருக்கும் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. ஒரே பங்கரில் காவல் நிற்கும் இருவர் ஒரே குண்டுக்கு இரையானால், பழைய முறைச் சிப்பாயின் மனைவிக்கு ஆயுள் முழுவதும் குடும்பப் பென்ஷன் உண்டு. அக்னிவீரனின் தாய்க்கு 48 லட்சம் இன்ஷூரன்சும், 44 லட்சம் கருணைத் தொகையும், மீதிக் காலச் சம்பளமும், சேமிப்பு நிதியும் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். மொத்தமாகப் பார்த்தால் தொகை சிறிதன்று. ஆனால் கிராமத்தில் மொத்தப் பணம் எத்தனை உறவினர் கைபட்டு எத்தனை வருஷம் நிற்கும் என்பதை ஊர் அறிந்தவர்கள் அறிவார்கள்.

சிக்கனம் அவசியமானால் செய்யட்டும். ஆனால் அப்போது சிப்பாயைச் செலவினமாகவே எண்ணிப் பென்சிலால் அடிக்கும் அதே கை, அவன் தன் பக்கத்துக் கணக்கை நீட்டும்போது மட்டும், நீ தியாகி அல்லவா, உனக்கேன் அப்பா கணக்கு என்று முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்புவதை நாகரிகமுள்ள எந்தச் சமூகமும் சகிக்கலாகாது. அவனை உழைப்பாளி என்று ஒப்புக்கொண்டு நியாயமான கூலியும் நஷ்டஈடும் முதுமைக்குப் பாதுகாப்பும் பேசித் தீருங்கள். அதன் பிறகு வேண்டுமட்டும் புகழுங்கள், யார் தடுக்கிறார்கள்?

2023 ஜனவரியில் பட்டாளப் பயிற்சியில் சேர்ந்த முதல் அணி அக்னிவீரருக்கு, இப்போதுள்ள விதி மாறாவிட்டால், 2027 தொடக்கத்தில் நான்கு வருஷம் நிறைகிறது. முப்பது வயதுகூட ஆகாத அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்புவார்கள். ரயிலடிக்கு மாலையோடு போக உத்தேசித்திருப்பவர்கள், தங்கள் கடையிலோ ஆலையிலோ ஆபீசிலோ அவர்களில் எத்தனை பேருக்கு, என்ன சம்பளத்தில், வேலை கொடுக்கப்போகிறோம் என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள்ளட்டும்.